இணையவழி வகுப்பும் நம் பிள்ளைகளும்

(அச்சன்புதூரில் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்றால் வந்தவர் நாலு வார்த்தை வாழ்த்திவிட்டு, பொன்னாடையைப் பெற்றுக்கொண்டு போவதே வழக்கம். செயலாளர் அவர்கள் எங்களுக்கு அந்த எளிய வேலையைக் கொடுக்கவில்லை. ஒரு வழக்கைக் கொடுத்திருக்கிறார். வெள்ளி விழா நிதியாகத் திரண்ட தொகையைக் கொண்டு மாலை வகுப்பில் பயிலும் பிள்ளைகள் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு டேப்லெட் வாங்கிக் கொடுத்து, வெளியூர் நிறுவனம் ஒன்று நடத்தும் இணையவழி வகுப்பில் அவர்களைச் சேர்த்துவிட்டு, மாலை வகுப்பை முடித்துக்கொள்ளலாம் என்பது இளைஞர்களின் முன்மொழிவு. படிப்பகத்தின் ஒழுகும் கூரையை மாற்றி மாலை வகுப்பை வலுப்படுத்த வேண்டும் என்பது மூத்தோர் சிலரின் வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடி முடிவெடுக்க இருக்கிறது. அதற்கு முன் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்பு ஏற்றதுதானா என்று பேசுங்கள் என எங்களைப் பணித்திருக்கிறார்கள்.

இளைஞர்களின் முன்மொழிவை நாங்கள் இகழ்ந்து பேச வரவில்லை. அதன் பின்னால் நல்ல உள்ளம் இருக்கிறது. சென்னையில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் கணித ஆசிரியர் அச்சன்புதூரில் நம் தெருப் பிள்ளைக்கும் கிடைக்கட்டுமே என்று அவர்கள் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை தவறன்று. ஆயினும் எங்கள் கருத்தை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இணையவழி வகுப்பு நேர் வகுப்புக்கு ஈடாகாது. அதிலும் நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை, நம் பாட்டன் பூட்டன்மார் அரும்பாடுபட்டுப் பெற்ற ஒன்றைச் சந்தடியில்லாமல் திருப்பி வாங்கிக்கொள்ளும் ஆபத்தும் அதற்குள் இருக்கிறது.

இது ஏட்டளவில் எழுந்த கேள்வியன்று. நாடே ஒருமுறை சோதித்துப் பார்த்த கேள்வி. 2020 மார்ச் மாதம் கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. உலகெங்கும் 190க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்கள் வீட்டில் முடங்கினார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. நம் மாநிலத்தில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகள், இடையில் சில மாதம் நடந்து நின்றவை போக, 2021 செப்டம்பர் 1ஆம் நாள் மீண்டும் தொடங்கின. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அவ்வாண்டு நவம்பர் 1ஆம் நாள்தான் கதவு திறந்தது. ஆகச் சிறு பிள்ளைகள் ஏறத்தாழப் பத்தொன்பது மாதம் வகுப்பறையைக் காணவில்லை. அந்தப் பத்தொன்பது மாதமும் நம் கண்முன் நடந்தவை. வேறு யாரும் வந்து நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

நாங்கள் அப்போது இவ்வட்டாரத்தில் வேறோர் ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றினோம். 2020 ஜூனில் பாடங்களைக் கைப்பேசிக்கு மாற்றினோம். ஜூன், ஜூலை என்றால் நம் பகுதியில் சாரல் காலம் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவ்வாண்டு குற்றாலத்தில் அருவி கொட்டியது, குளிப்பாரில்லை. தடை. கடைகளிலும் விடுதிகளிலும் வேலை பார்த்தவர்கள் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். சாரற்காற்று வலுத்தால் மின்சாரம் போகும்; சிக்னலும் போகும். மொட்டை மாடி உள்ள வீட்டுப் பிள்ளை மாடிக்கு ஏறும். ஓட்டு வீட்டுப் பிள்ளை எங்கே ஏறும்? இதற்கு முன் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையைக் கேள்வி கேட்டுப் பழகிய நாங்கள், அப்போது ரீசார்ஜ் செய்யாத தகப்பனைக் கேள்வி கேட்க நேர்ந்தது. கூலி இல்லாத மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே நா எழவில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நம்மவன்தான், பெயர் வேண்டாம். நாள்தோறும் காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் பாடத்தின் ஒலிப்பதிவை அனுப்புவோம். சற்று நேரத்துக்குள் அவனுடைய எண்ணிலிருந்து, "வணக்கம் ஐயா, பாடம் கேட்டேன்" என்று பதில் வந்துவிடும். ஒரு நாள் தவறியதில்லை. பதில் வந்த பிள்ளைகளுக்கு எதிரே ஒரு குறி இட்டு நாங்கள் ஏடு ஒன்று வைத்திருந்தோம். பதில் வராத பிள்ளைகளின் வீடுகளுக்கு, ஊரடங்கு தளர்ந்தபின், இயன்றவரை நடந்தும் சென்று பார்த்தோம். இவன் வீட்டுக்குப் போகவில்லை. ஏன் போகவேண்டும்? வகுப்பிலேயே ஒழுங்கான மாணவன் அவனல்லவா!

2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பில் வந்து அமர்ந்தான். எட்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு வரி தெரியவில்லை. ஏழாம் வகுப்பில் தெரிந்திருந்ததிலும் பாதி கரைந்து போயிருந்தது. விசாரித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அந்தக் கைப்பேசி அவன் அண்ணனுடையது. அண்ணன் புனலூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். வீட்டில் வேறு கைப்பேசி இல்லாததால் அந்த எண்ணையே எங்களிடம் கொடுத்திருந்தார்கள். தம்பியின் பெயரை அடித்துவிடக் கூடாதே என்று அண்ணன் வேலைத்தலத்திலிருந்தே நாள்தோறும் பதில் அனுப்பி வந்திருக்கிறார். தம்பி இங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். தாயைப் பார்க்கச் சென்றோம். அவர் கோபப்படவில்லை. "பள்ளிக்கூடத்த அடச்சிட்டாவ. ஒரு சாரும் வந்து எட்டிப் பாக்கலியே" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஏட்டில் இருந்த குறிகள் அத்தனையும் எங்களைப் பார்த்துச் சிரித்தன.

அந்தப் பிள்ளை பத்து நாள் வந்தான். தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்ற கூச்சம் அவனைத் தின்றது. பிறகு நின்றுவிட்டான். மும்முறை சென்று அழைத்தோம், வரவில்லை. எட்டாம் வகுப்பில் தேறியதற்கான சான்று அவனிடம் இருக்கிறது. செங்கோட்டைப் பக்கம் மர அறுவை மில் ஒன்றில் வேலை செய்கிறான். அவனுக்கும் இணையவழி வகுப்புக் கிடைத்தது என்றுதான் எங்கள் ஏடு இன்றும் சொல்லும். இதை நாங்கள் வேறெவர் மேலும் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. நேரில் பார்க்கும் ஆசிரியன் ஒரு நாளில் கண்டுபிடித்திருக்கக்கூடியதை, கைப்பேசியைப் பார்த்த ஆசிரியன் ஓராண்டுக்கு மேலாகியும் கண்டுபிடிக்கவில்லை என்பதற்காகச் சொல்லுகிறோம்.

எங்கள் ஒரு பள்ளியின் கதை இது என்று யாரும் எண்ணவேண்டாம். பொருளியல் அறிஞர்களான ழான் திரேஸ், ரீதிகா கேரா முதலியோர் 2021 ஆகஸ்டில், தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், எளிய மக்கள் வாழும் குடியிருப்புகளில் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளைக் கண்டு ஆய்வு செய்தார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக இணையவழியில் படித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். அறவே படிக்காதவர்கள் 37 பேர். அந்த எட்டையும் பிரித்துப் பார்த்தார்கள். கிராமத்துத் தலித், பழங்குடிக் குடும்பங்களில் நூற்றுக்கு 4 பேர். மற்றவர்களில் 15 பேர். நண்பர்களே, இந்த நாலுக்கும் பதினைந்துக்கும் இடையிலுள்ள தூரத்தை மனத்தில் இருத்துங்கள். வகுப்பறையில் ஒரே பலகையில் அமர்ந்திருந்த பிள்ளைகள் இவர்கள். வீட்டுக்கு அனுப்பியதும் அவரவர் வீட்டு வசதி அவரவர் கல்வியாகிவிட்டது.

பெருந்தொற்றுக்கு முன்பே அரசின் மாதிரிக் கணக்கெடுப்பு இதைச் சொல்லாமல் சொல்லியிருந்தது. 2017-18இல் எடுத்த கணக்கின்படி இந்தியக் கிராமங்களில் கணினி உள்ள வீடுகள் நூற்றுக்கு 4.4. இணைய வசதி உள்ள வீடுகள் 14.9. இன்று கைப்பேசி பெருகிவிட்டது என்பது உண்மை. ஆனால் வீட்டில் கைப்பேசி இருப்பது வேறு. பிள்ளையின் கையில் இருப்பது வேறு. அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் கைப்பேசியில் பகல் வகுப்பு நடக்காது. திரும்பி வந்தபின்பும் பத்தாம் வகுப்பு அண்ணனுக்கு முதலில், பிறகு தம்பிக்கு, மின்னேற்றம் மிஞ்சினால் பெண்பிள்ளைக்கு. பெண்பிள்ளைக்கு அதற்குள் பீடித் தட்டு மடிக்கு வந்துவிடும். இந்த வரிசை எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எல்லார் வீட்டிலும் இருந்தது.

மலைக்கு அப்பால் கேரளத்தில் நடந்ததை நாங்கள் சொல்லத் தயங்குகிறோம். ஆயினும் சொல்லாமல் இருப்பதும் முறையன்று. 2020 ஜூன் 1ஆம் நாள் அங்கே விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக வகுப்புகள் தொடங்கின. அன்றைய தினமே மலப்புறம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்த தலித் மாணவி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். தந்தை கூலித் தொழிலாளி. வீட்டுத் தொலைக்காட்சி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளை. தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர்கள் சுமார் 2.6 இலட்சம் பேர் என்பது அம்மாநிலத்தின் கணக்கிலேயே இருந்தது. அதன்பின் அங்கே விரைந்து வேலை நடந்தது. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தார்கள். கவனியுங்கள், வீட்டில் தனித்துப் பார்க்க இயலாததைப் பொது இடத்தில் சேர்ந்து பார்க்க வழி செய்தார்கள். இதற்குப் பிறகு மீண்டும் வருவோம்.

பள்ளிக்கூடம் நமக்கு என்ன என்பதை இளைஞர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அது படிக்கும் இடம். நமக்கு அது நுழைந்த இடம். அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் பள்ளிச் சிறுவராக இருந்தபோது வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியை விரித்துத் தனியே அமர வேண்டியிருந்ததையும், பள்ளி ஏவலாள் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாதிருந்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கோணியிலிருந்து பொதுப் பலகைக்கு வந்து சேர நம் மக்களுக்கு எத்தனை ஆண்டு ஆயிற்று! இந்த அவையிலேயே, வகுப்பில் கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்து படித்த பெரியவர்கள் இருக்கிறீர்கள். ஒரே பலகை, ஒரே பானைத் தண்ணீர், ஒரே பந்தியில் மதிய உணவு ஆகிய மூன்றும் பாடப்புத்தகத்தில் இல்லாத பாடங்கள். நம் பிள்ளை மட்டும் கற்கும் பாடமும் அன்று. அருகில் அமர்ந்திருக்கும் மற்றப் பிள்ளையும் அதைக் கற்கிறது. திரையில் இந்தப் பாடத்தை நடத்த இயலாது. திரை ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் தெருவுக்கே, அதனதன் திண்ணைக்கே அனுப்பிவிடுகிறது. கோணியைப் பள்ளியில் விரிக்காமல் வீட்டில் விரிக்கச் சொல்வதுபோல்தான் எங்களுக்குத் தோன்றுகிறது.

இப்படி நாங்கள் பேசியபோது, சென்ற மாதம் ஒரு தாய் எங்களை மடக்கினார். "பள்ளியில் நம் பிள்ளைகள் படும் பாட்டை அறியாதவர் போலப் பேசுகிறீர்களே, கையில் கயிறு கட்டிக்கொண்டு சாதி பார்க்கிறார்கள், நாங்குநேரியில் என்ன நடந்தது? வீட்டிலிருந்து படித்தால் பிள்ளை உயிரோடாவது இருக்குமே" என்றார். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தவரின் கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோக எங்களுக்கு உரிமையில்லை.

2023 ஆகஸ்டு 9ஆம் நாள் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன்பயின்ற மாணவர்களே வெட்டினார்கள். அம்மா, அந்த வெட்டு விழுந்த இடம் பள்ளியன்று, வீடு. சாதிக் கொடுமைக்கு அஞ்சி வீட்டுக்குள் இருப்பவனை அது வீட்டுக்குள்ளும் தேடி வரும். அதற்குப் பிறகு அரசு நீதியரசர் சந்துரு அவர்களின் தலைமையில் குழு அமைத்தது; 2024 ஜூனில் அறிக்கை வந்தது; கையில் சாதிக் கயிறு கூடாது என்பது முதலான பரிந்துரைகள் அதில் உள. அவை பள்ளி நடந்தால்தான் நடைமுறைக்கு வரும். வெட்டுப்பட்ட அந்த மாணவன் மருத்துவமனையிலிருந்து எழுந்து, 2024இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதித் தேறினான். நாம் பள்ளியை விட்டு விலகிக்கொண்டால் மகிழ்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளியைச் சீர்படுத்தும்படி தலைமையாசிரியரிடம் சண்டை போடுங்கள், எங்களிடமும் போடுங்கள். விலகிவிடாதீர்கள்.

சட்டத்தையும் ஒரு சொல். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைக்கு அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி என்கிறது. இலவசம் என்றால் கட்டணம் மட்டுமன்று, பிள்ளையின் படிப்பைத் தடுக்கக்கூடிய எந்தச் செலவும் இருக்கக் கூடாது என்பது பொருள். மாதந்தோறும் ரீசார்ஜ் செய்தால்தான் வகுப்பு என்றால் அது என்ன? முன்வாசலில் விரட்டிய கட்டணம் கொல்லைவழியாக வந்து நிற்கிறது. 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி தரவு அட்டை கொடுத்தது, நல்ல காரியம். பள்ளிப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. அருகமைப் பள்ளி என்பதற்குக் கட்டடம், விளையாட்டிடம், நூலகம், கழிப்பறை, குடிநீர் எல்லாம் வேண்டுமென்று அதே சட்டம் அட்டவணை போட்டிருக்கிறது. அவற்றுள் எது கைப்பேசிக்குள் அடங்கும்? 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் பள்ளியில் பரிமாறத் தொடங்கி, படிப்படியாக விரிந்திருக்கிறது. மூன்றாம் பாடவேளையில் தலை சாயும் பிள்ளையைக் கண்டால் ஆசிரியருக்கு அது சோம்பலா பசியா என்று தெரியும். திரைக்கு அப்பாலிருந்து பேசுபவருக்கு அந்தத் தலையே தெரியாது.

எங்கள் தொழிலைப் பற்றியும் சிறிது சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டும். சிறு பிள்ளைக்குக் கற்பித்தல் என்பது பேசுதலன்று, பார்த்தல். ழகரத்தைச் சொல்லிக் கொடுப்பவர் தம் நாக்கைக் காட்டுகிறார். பிள்ளையின் நாக்கையும் பார்க்கிறார். எழுதும் விரலைப் பிடித்துத் திருப்புகிறார். புரிந்ததா என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் புரிந்தது என்றுதான் சொல்லும். புரியாத பிள்ளை சொல்லும்போது கண் வேறெங்கோ போகும். முப்பதாண்டு பணியில் நாங்கள் கற்ற கல்வியியல் அந்தக் கண் போகும் திசைதான் என்றால் மிகையாகாது. ஒன்றிய அரசே 2020 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புக்கு மேல் இணையவழியில் நடத்தலாகாது என்றது. அதாவது உச்ச அளவே ஒன்றரை மணி நேரம். மற்ற நேரத்துக்குப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? படித்த பெற்றோர் வீட்டில் பெற்றோர் ஆசிரியர் ஆவார்கள். நடவுக்கும் களைக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பெற்றோர் வீட்டில்?

விளைவும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் நூற்றுக்கு 27.3, 2022இல் 20.5, பள்ளி ஒழுங்காக நடந்தபின் 2024இல் 27.1 என்று ஏசர் ஆய்வு கூறுகிறது. நாலு ஆண்டில் இறங்கியது இரண்டு ஆண்டில் ஏறியிருக்கிறது. ஏற்றியது திரையன்று, வகுப்பறை.

இனி மறுபக்கத்தைச் சொல்வோம். ஒருபக்கமே பேசினால் இளைஞர்கள் எங்களைப் பழமைவாதி என்பார்கள். அதில் நியாயமும் இருக்கும்.

முன்பு சொன்னோமே, அந்த மாணவனின் அண்ணன். ஒன்பதாம் வகுப்பில் படிப்பை விட்டவர். தம்பிக்காகப் பதில் அனுப்பிய அந்த மனிதர் வெறும் பதிலை மட்டும் அனுப்பவில்லை. நாங்கள் அனுப்பிய ஒலிப்பதிவுகளை இரவில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். ஊருக்கு வந்தபோது எங்களைத் தேடி வந்து, "சார், எட்டாம் வகுப்பு வரலாறு பூராவும் கேட்டுட்டேன், வெள்ளைக்காரன் நிலவரிய நல்லா சொன்னீங்க" என்றார். நாங்கள் நடத்திய இணையவழி வகுப்பின் தலைசிறந்த மாணவர் அவர்தான்! பின்னர்ப் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதினார். பாடங்களைக் கைப்பேசியிலேயே படித்தார். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் பள்ளிக்கு வந்தே தீரவேண்டியிருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். தேறினார். இருபது வயது, சம்பாதிக்கும் கை, இழந்ததைப் பெறவேண்டும் என்னும் வெறி, தன் சொந்தக் கைப்பேசி ஆகிய அனைத்தும் அவரிடம் இருந்தன. பன்னிரண்டு வயதுத் தம்பியிடம் அவற்றுள் ஒன்றும் இல்லை. ஒரே பாடம், ஒரே கைப்பேசி. அண்ணனைக் கரையேற்றியது, தம்பியைக் கைவிட்டது. இணையவழிக் கல்வி யாருக்கு ஏற்றது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எங்களிடம் இல்லை.

ஆகவே அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் நம் இளைஞர்களுக்கும், படிப்பை இடையில் விட்டவர்களுக்கும், திருமணமாகிப் போனபின் பட்டம் பெற நினைக்கும் பெண்களுக்கும் இணையவழி வகுப்பு வாய்த்த வரம். பார்வையற்ற மாணவருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒரு துணை. பள்ளிப் பிள்ளைக்கும் அது முற்றிலும் விலக்கன்று. 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது; இதயம் எவ்வாறு இயங்குகிறது என்று காட்ட எங்கள் கரும்பலகைப் படத்தைவிட அந்த அசையும் படம் நூறு மடங்கு நன்று. 2019 ஆகஸ்டு 26 முதல் கல்வித் தொலைக்காட்சியும் நடக்கிறது. ஆனால் அதைக் காட்டி, நடுவில் நிறுத்தி, "இப்போது இரத்தம் எங்கே போகிறது, சொல்" என்று கேட்க ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டுக் காலம் நம் நாட்டில் துணைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை ஒன்று நடந்தது. ஆந்திரம், கருநாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். அமெரிக்கத் துணைக்கோள் ஒன்றைக் கடனாகப் பெற்று நடத்தினார்கள். எல்லாக் கிராமத்திலும் பெட்டியை எங்கே வைத்தார்கள்? தனி வீட்டிலன்று, பள்ளியிலும் ஊர்ப் பொது இடத்திலும். காலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊராருக்கு. ஐம்பது ஆண்டுக்கு முன் அந்தப் பெருமக்கள் அறிந்திருந்த இந்தச் சிறு விவரத்தை நாம் மறந்துவிட்டோம். கேரளம் 2020இல் அடிபட்டு மீண்டும் கற்றுக்கொண்டதும் இதைத்தான்.

டேப்லெட் விற்க வந்த நிறுவனத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுவைப்போம். மூன்றாண்டுக்குப் பாடம் தருவோம் என்கிறார்கள். நிறுவனம் மூன்றாண்டு இருக்குமா? 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகப் போற்றப்பட்ட பைஜூஸ் என்னும் இணையவழிக் கல்வி நிறுவனம், 2024 ஜூலையில் திவால் சட்டத்தின்படியான நடவடிக்கைக்கு உட்பட்டது. அத்துணைப் பெரிய மரமே ஆடிவிட்டது. நிறுவனம் மூடினால் நம் நாற்பது பிள்ளைகள் கையிலும் விளையாட்டுப் பெட்டி ஒன்று மிஞ்சும். மாலை வகுப்பு மட்டும் மிஞ்சாது. ஒருமுறை நிறுத்திய வகுப்பை மீண்டும் தொடங்குவது எத்துணைக் கடினம் என்பதைக் கொரோனாவுக்குப் பின் இதே படிப்பகத்தின் பூட்டைத் திறந்தவர்கள் அறிவார்கள்.

அப்போது நமக்குக் கைகொடுத்தது எது? 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம். இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. நம் தெருவில் படித்துவிட்டு வீட்டிலிருந்த இரண்டு பெண்கள் முன்வந்தார்கள். அவர்கள் அழைத்தபோது எழுத்தை மறந்த பிள்ளைகள் ஐந்து மணி வகுப்புக்கு நாலரைக்கே வந்து வாசலில் உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். அப்பெண்கள் சென்னை ஆசிரியரைப் போல ஆங்கிலம் பேசவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை இன்று வரவில்லை என்பதை எண்ணிப் பார்க்காமலே சொன்னார்கள். வராத பிள்ளையின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நாங்கள் செய்யத் தவறியதை அவர்கள் செய்தார்கள்.

ஆதலால் பொதுக்குழுவின் முன் எங்கள் பரிந்துரை இது. நாற்பது டேப்லெட் வேண்டாம். கூரையை மாற்றுவோம். படிப்பகச் சுவரில் பெரிய திரை ஒன்று, நிலையான இணைய இணைப்பு ஒன்று, மின்சாரம் போனால் ஓடுவதற்கு ஓர் இன்வெர்ட்டர். சாரல் காலத்தை நினைத்துத்தான் சொல்லுகிறோம். மாலை ஐந்து முதல் ஏழு வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு. நடத்துபவர் அந்த இரண்டு பெண்கள். திரை அவர்கள் கையில் ஒரு கருவி. ஏழு முதல் பத்து வரை அதே திரை தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு. அதற்கு இணையவழி வகுப்பின் கட்டணத்தைச் சங்கமே கட்டலாம். அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. மீதித் தொகையை வங்கியில் இட்டு, அப்பெண்களுக்கு மாத ஊதியம் கொடுக்கவேண்டும். இருபத்தைந்து ஆண்டாகப் பிறர் உழைப்பை இலவசமாகவே வாங்கிப் பழகிவிட்ட சங்கம் இது. இதைச் சொல்வதற்காகச் செயலாளர் எங்களைப் பொறுத்தருள்வாராக.

இளைஞர்கள் இதை ஏற்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை எழுந்து மறுத்துப் பேசவேண்டும். கேட்பதற்கு ஆயத்தமாக வருவோம். கூரைக்குத் தகடு போட ஆகும் செலவைக் கொத்தனாரிடம் எழுதி வாங்கியிருக்கிறோம்; அந்தத் தாளையும் உடன் கொண்டுவருவோம். நீங்களும் அந்த நிறுவனத்தாரின் ஒப்பந்தப் படிவத்தைக் கொண்டுவாருங்கள். சிற்றெழுத்தில் உள்ளதையும் சேர்த்து இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிப்போம்.